குழு வேலையைத் திட்டமிட எந்த மென்பொருள்? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட ஒப்பந்தகாரர்கள், மாதர் சங்கங்கள், சிறு தொண்டு நிறுவனங்கள், ஒன்றிரண்டு கணினிக் குழுக்கள் என்று பலரோடும் உட்கார்ந்து வேலைத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். களுவாஞ்சிக்குடியில் ஒருவர் கேட்ட சந்தேகத்தையே அடுத்த கிழமை அக்கரைப்பற்றில் இன்னொருவர் கேட்பார். அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். மேலிருந்து வாசித்தால் பின்னால் வரும் பதில்கள் இலகுவாக விளங்கும்.

இந்தப் புராஜெக்ட் மென்பொருள் எண்டா என்ன? எக்செல் மாதிரி ஒண்டா?

என்ன வேலை, யார் செய்வது, எப்போது முடிய வேண்டும், எது முடிந்தால் எதைத் தொடங்கலாம். இந்த நாலையும் ஒரே இடத்தில் வைத்து, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி செய்வதுதான் அது. முதல் மூன்றையும் எக்செல்லிலும் எழுதலாம். நாலாவதில்தான் வித்தியாசம் தெரியும். அத்திவாரம் மூன்று நாள் பிந்திவிட்டது என்றால், எக்செல்லில் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு திகதியையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். திட்டமிடும் மென்பொருளில் ஒரு திகதியை மாற்றினால், அதை நம்பி நிற்கும் மற்ற வேலைகள் தாமாகவே தள்ளிப்போகும்.

அதற்காக எக்செல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வேலைகள்தான், ஒன்றையொன்று பெரிதாகத் தொடுவதில்லை என்றால் எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ போதும்.

வட்ஸ்அப் குறூப் இருக்கே, அது காணாதா?

பேச்சுக்குக் காணும், திட்டத்துக்குக் காணாது. "நாளைக்கு மணல் வரும்" என்று காலை எட்டு மணிக்கு ஒருவர் போடுகிறார். மத்தியானம் நாலு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு மரண அறிவித்தல், இருபது "ஓகே". பின்னேரம் மணல் பற்றித் தேடுபவர் விரலால் தள்ளித் தள்ளிக் களைத்துவிடுவார். அந்த வேலையை யார் பொறுப்பெடுத்தது, முடிந்ததா இல்லையா என்பது அங்கே எங்கும் பதிவாகி இருக்காது.

ஆனால் வட்ஸ்அப்பை ஒழிக்கவும் வேண்டாம். நம் ஆட்கள் எல்லோரும் தினமும் திறப்பது அதைத்தான். அதைப் பயன்படுத்தியே திட்டத்தை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று கீழே, ஒருவரும் பதிவதில்லை என்ற கேள்வியில் சொல்கிறேன்.

நாங்க அஞ்சு பேர்தான். எங்களுக்கும் தேவையா?

ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கைமாறும் வேலை எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து பேரும் ஒரே மேசையில் இருந்து ஒரே வேலையைச் செய்தால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும். ஒருவர் ஏறாவூரில், இருவர் வாகரையில், கணக்குப் பார்ப்பவர் கல்முனையில், ஒருவரின் வேலை முடிந்தால்தான் மற்றவர் தொடங்கலாம் என்றால் மூன்று பேர் மட்டும் இருந்தாலும் தேவைதான்.

பலகை, கான்ட் படம், நாட்காட்டி எண்டு மூண்டு விதமா காட்டுது. எங்களுக்கு எது?

பலகை என்பது "செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது" என்ற நிரல்களில் அட்டைகளை நகர்த்துவது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளில் அட்டை வைத்து வேலையை நகர்த்திய முறையிலிருந்து வந்தது. வேலைகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், எது முதல் எது பிறகு என்ற ஒழுங்கு பெரிதாக இல்லாத இடங்களுக்கு இது பொருந்தும்: அச்சகம், கணினித் திருத்தகம், மென்பொருள் எழுதும் குழு, தையல் ஓடர் எடுக்கும் மாதர் சங்கம். ட்ரெல்லோ இந்த வகை.

கான்ட் படம் என்பது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை, நாட்கள் இடமிருந்து வலமாக. ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1910களில் பரவலாக்கியதால் அவர் பெயர். தொடக்கமும் முடிவும் உள்ள, ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலைக்கு இதுதான் வேண்டும்: கட்டடம், கிணறு, பயிற்சித் தொடர், விழா ஏற்பாடு. நாட்காட்டி, எந்த நாளில் எந்த மண்டபம், யார் வகுப்பு என்று பார்ப்பவர்களுக்கு. பல மென்பொருள்களில் மூன்றும் இருக்கும். உங்களுக்கு முக்கியமான ஒன்று எது என்று முதலில் முடிவெடுங்கள், அதில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

ஒரு வேலை பிந்தினா எல்லாம் பிந்துமா? சில வேலை பிந்தியும் ஒண்டும் ஆகல்லையே?

இது நல்ல கேள்வி. இது விளங்கிவிட்டால் மென்பொருளில் பாதி விளங்கின மாதிரி. மண்டூர்ப் பக்கம் ஒரு சிறிய பாலர் பாடசாலைக் கட்டடத்துக்கு நாங்கள் போட்ட திட்டத்தையே காட்டுகிறேன். அத்திவாரம் 10 நாள். சுவர் 14 நாள். மேலே வளைய பீம் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்க 7 நாள். கூரை 8, பூச்சு 10, வர்ணம் 5. இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். கூட்டினால் 54 வேலை நாள். இதில் எது ஒரு நாள் பிந்தினாலும் திறப்பு விழா ஒரு நாள் பிந்தும்.

கதவும் யன்னலும் வேறு கதை. அவற்றை ஓடாவி தன் பட்டறையில் 20 நாளில் செய்து தருவார். பூச்சு முடிந்த பிறகு, அதாவது 49 ஆம் நாள் முடியத்தான் அவை நமக்குத் தேவை. எனவே 29 ஆம் நாள் வரை அவரிடம் சொல்லாமல் இருந்தாலும் கட்டடம் பிந்தாது. 10 ஆம் நாளே சொல்லிவிட்டால் 19 நாள் கையிருப்பு. ஓடாவி ஒரு கிழமை சாட்டுச் சொன்னாலும் பதற வேண்டியதில்லை. அதே ஒரு கிழமை வளைய பீமில் போனால் தலை போகிற விஷயம்.

இடைவெளியே இல்லாத அந்த நீண்ட சங்கிலியைத் தீர்க்கப் பாதை என்று சொல்வார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபொண்ட் நிறுவனம் தொழிற்சாலைக் கட்டுமான வேலைகளுக்காக உருவாக்கிய கணக்கு. இந்தப் பாதையை நிறம் மாற்றிக் காட்டும் மென்பொருளையே கட்டட வேலைக்காரர்களுக்குச் சொல்வேன். ஏனென்றால் ஒரு மேற்பார்வையாளர் காலையில் எந்த வேலையிடத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்த நிறம்தான் சொல்லும்.

இலவசமா என்னென்ன இருக்கு?

இணையம் வேண்டாம், என் கணினியிலேயே ஓடட்டும் என்றால் கான்ட்புராஜெக்ட், புராஜெக்ட்லிப்ரே இரண்டும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டிலும் வேலைகளை ஒன்றோடொன்று கோக்கும் சங்கிலியும் தீர்க்கப் பாதையும் வரும். பழகுவதற்குக் கான்ட்புராஜெக்ட் இலகு. நான் முதல் நாளில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். குறை என்னவென்றால் திட்டம் ஒருவரின் கணினியில் கிடக்கும், மற்றவர்கள் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் பார்ப்பார்கள்.

எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்க்க வேண்டும் என்றால் ட்ரெல்லோ, ஆசனா போன்றவற்றின் இலவசத் திட்டங்கள். ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் பட்டைகளாகக் காட்டும் நேரவரிசை கிடையாது, அது காசு கட்டுபவர்களுக்கு. மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு ஜிரா 10 பேர் வரை இலவசம், ஆனால் மாதர் சங்கத்துக்கு அதைக் கொடுத்தால் பயந்து ஓடிவிடுவார்கள். சொந்தமாகச் சேர்வர் வைத்துப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் ஓபன்புராஜெக்ட்டின் சமூகப் பதிப்பு நல்லது: பட்டையும் உண்டு, தரவும் உங்கள் கையில். அந்த ஆள் இல்லாவிட்டால் அதன் பக்கம் போகாதீர்கள். இலவசத் திட்டங்களின் எல்லைகள் அடிக்கடி மாறும், சேரும் நாளில் ஒருமுறை பாருங்கள்.

காசு கட்டி எடுத்தா நல்லதா? மாதம் பத்து டொலர்தானே எண்டு சொல்றாங்க.

பத்து டொலர் ஒரு ஆளுக்கு. 12 பேர் என்றால் மாதம் 120, ஆண்டுக்கு 1,440 டொலர். இதை ரூபாயில் எழுதிப் பார்த்த பிறகுதான் பேச்சு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, அந்தக் கணக்கில் 2,88,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 350 ஐத் தாண்டியது. அதே மென்பொருள், அதே 12 பேர், 5,04,000 ரூபாய்க்கு மேல். ரூபாயில் வருமானம், டொலரில் செலவு என்றால் இந்த அடி எப்போதும் காத்திருக்கும்.

எனவே காசு கட்டுவதானால் எல்லோருக்கும் இருக்கை, அதாவது ஒரு ஆள் பயன்படுத்தும் உரிமை, வாங்காதீர்கள். திட்டத்தை மாற்றுபவர் இருவர் அல்லது மூவர் இருப்பார்கள், மற்றவர்கள் பார்க்க மட்டும். பார்ப்பவர்களுக்குக் காசு கேட்காத மென்பொருள்களும் உண்டு, அதைக் கேட்டுவிட்டு எடுங்கள். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். ஒரு அலுவலகம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மூன்றாம் மாதமே சி.ஆர். கொப்பிக்குத் திரும்பியதை நேரே பார்த்தவன் நான். அந்தக் காசில் இரண்டு டெப்லட் வாங்கியிருக்கலாம்.

படுவான்கரைப் பக்கம் சிக்னல் சரியில்ல. இணையத்தில ஓடுறது அங்க சரிவருமா?

சரிவருமா என்பதைச் சோதிக்க ஒரு நேரடி வழி இருக்கிறது. அந்தச் செயலியைப் போட்டு, தொலைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். ஒரு வேலையைத் திறந்து பாருங்கள், முடிந்தது என்று குறியுங்கள், ஒரு படம் சேருங்கள். பிறகு சிக்னலைத் திறந்து விடுங்கள். நீங்கள் குறித்தது மற்றவர் தொலைபேசியில் தெரிந்தால் அது படுவான்கரைக்கு ஆகும். ட்ரெல்லோவின் கைத்தொலைபேசிச் செயலி இப்படி இணையம் இல்லாமல் பதிந்து பின்னர் சேர்த்துக்கொள்ளும். வெறும் இணையப்பக்கமாக மட்டும் ஓடுபவற்றில் பல வெள்ளைத் திரையைத்தான் காட்டும்.

அப்புறம் ஒன்று. கிழமைக்கு ஒருமுறை திட்டத்தை ஏ3 தாளில் அச்சிட்டு வேலையிடத்தில் ஒட்டுங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாதபோதும் வேலை நடந்த இடங்கள், சுவரில் தாள் இருந்த இடங்கள்தான்.

தமிழில டைப் பண்ணினா ஏன் கோணல் மாணலா வருது?

பெரும்பாலும் பாமினியால். நம் அலுவலகங்களில் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிவிட்டோம். அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது. வேர்டில் தமிழாகத் தெரிவதை ட்ரெல்லோவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோட் தமிழில் எழுதினால் எல்லா இடத்திலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் அகப்படும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, பழைய பட்டியல்களை அவற்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பரீட்சையும் வையுங்கள். திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறும். "கொங்கிறீற் போடுதல்" என்று ஒரு வேலை எழுதி, அச்சிட்டுப் பார்த்த பிறகே தெரிவு செய்யுங்கள்.

சனி ஞாயிறு லீவு எண்டு அதுவே போட்டுக்கொள்ளுது. எங்கட கிழமை அப்படி இல்லையே?

அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கான்ட்புராஜெக்ட், புராஜெக்ட்லிப்ரே, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் எல்லாவற்றிலும் வேலை நாட்காட்டியை நீங்களே அமைக்கலாம். மேசன்மார் சனியும் வேலை செய்வார்கள் என்றால் சனியைத் திறந்து விடுங்கள். காத்தான்குடி, ஓட்டமாவடி, சாய்ந்தமருது ஆட்கள் இருக்கும் குழுவில் வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்கு விட வேண்டும், அதை அரை நாளாகக் கணக்கெடுங்கள். நோன்பு மாதத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று திட்டம் போடுவது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

மாதம் ஒரு போயா, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, பெருநாட்கள் எல்லாம் அச்சிட்ட நாட்காட்டியில் இருக்கும். அதில் இல்லாதவற்றையும் கேட்டு எழுதுங்கள்: மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், வைகாசியில் ஊர் ஊராக நடக்கும் கண்ணகி அம்மன் சடங்கு, அந்தந்த ஊர்த் திருவிழா. சடங்கு நடக்கும் ஊரில் அந்தக் கிழமை ஆள் பிடிக்க முடியாது. விதைப்பிலும் அறுவடையிலும் கூலிக்கு வருபவர்கள் வயலுக்குப் போவார்கள். இதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அரை மணித்தியாலம் கேட்டு நாட்காட்டியில் போட்டால், திட்டத்தின் திகதிகள் நம்பும்படி ஆகும்.

மழையை எப்படித் திட்டத்தில போடுறது?

நான் மேலே சொன்ன மென்பொருள்கள் எதுவும் இதைத் தானாகச் செய்யாது. வடகீழ்ப் பருவமழை நமக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை அடிக்கும். 2024 நவம்பர் கடைசியில் இரண்டு மாவட்டங்களிலும் வெள்ளம் வீதிகளை மூடியது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள் கூட்டிப் போடுவதுதான் வழக்கம், நான் அதை விரும்புவதில்லை. கூட்டிய நாள் எப்படியும் செலவாகிவிடும். அதற்குப் பதிலாகத் தீர்க்கப் பாதையின் முடிவில் "மழைக் கையிருப்பு" என்று தனியாக ஒரு பட்டை போடுங்கள், உதாரணத்துக்கு 10 நாள். மழையால் ஒரு நாள் போனால் அதிலிருந்து ஒரு நாள் குறையுங்கள். மீதி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

முடிந்தால் வேலையின் ஒழுங்கையே மழைக்கு ஏற்ப மாற்றுங்கள். மேலே சொன்ன மண்டூர்க் கட்டடத்தில் எங்கள் இலக்கு ஒன்றுதான்: நவம்பருக்கு முன் கூரை. கூரை போட்டு முடித்துவிட்டால் பூச்சும் வர்ணமும் மழைக்குள்ளும் நடக்கும். வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையில் (மிதவைப் படகில்) லொறி ஏற்ற முடியாத நாட்களும் வரும், அதனால் சீமெந்தையும் தகரத்தையும் ஒக்டோபரிலேயே அக்கரைக்குச் சேர்த்துவிட வேண்டும் என்று தனி வேலையாகவே எழுதினோம்.

எல்லாம் போட்டாச்சு, ஒருத்தரும் உள்ள போய்ப் பதியிறாங்க இல்ல. என்ன செய்ய?

நான் பார்த்த திட்டங்களில் பாதிக்கு மேல் செத்தது இதனால்தான். மென்பொருளின் குறையால் செத்தது மிகக் குறைவு. ஒரு வேலையிடத்தில் மேற்பார்வையாளர் ஐயாவிடம் தொலைபேசியைக் கொடுத்துப் பதியச் சொன்னேன். அவர் பெருவிரலில் சீமெந்து காய்ந்து படிந்திருந்தது. திரையைத் தொட்டார், அசையவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டார், வேறு எதுவோ திறந்தது. "தம்பி, இதை நீங்களே வெச்சிக்குங்க" என்று திருப்பித் தந்துவிட்டார். பிழை அவரில் இல்லை. அந்த விரலை நினைக்காமல் திட்டம் போட்டவன் நான்.

அன்றிலிருந்து எல்லோரையும் பதியச் சொல்வதில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடுவார்: இன்றைக்கு என்ன முடிந்தது, நாளைக்கு என்ன தேவை, எது தடை. அலுவலகத்தில் இருக்கும் தங்கச்சி ஒருவர் அதைக் கேட்டு மென்பொருளில் பதிந்து, மாறிய திட்டத்தைப் படமாகக் குழுவில் போடுவார். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை அவருடைய கடமைப் பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும், "நேரம் கிடைத்தால் செய்யுங்கள்" என்று விடக்கூடாது. எனவே என்னிடம் எந்த மென்பொருள் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: பதியப்போவது யார்? அவருக்குக் கைவரும் மென்பொருள்தான் உங்களுடையது. தலைவருக்குப் பிடித்ததை வாங்காதீர்கள்.

ஒரே மேசன் குழுவை ரெண்டு இடத்தில போட்டுட்டம். மென்பொருள் ஏன் சொல்லல்ல?

வேலைக்குப் பெயர் மட்டும் எழுதியிருப்பீர்கள், ஆளை "வளம்" (ரிசோர்ஸ்) என்ற பட்டியலில் சேர்த்திருக்க மாட்டீர்கள். அல்லது இரண்டு வேலையிடத்தையும் இரண்டு தனிக் கோப்பில் வைத்திருப்பீர்கள், ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. ஒரே கோப்பில் இரண்டையும் வைத்து, "மேசன் குழு 1" என்று வளம் ஒன்றை உருவாக்கி வேலைகளோடு இணைத்தால், கான்ட்புராஜெக்ட்டின் வளப் பக்கத்தில் சுமை கூடிய நாட்கள் தெரியும்.

உதவி தாற நிறுவனம் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்புத்தான் வேணும் எண்டு நிக்கிறாங்க. அதை வாங்கத்தான் வேணுமா?

அவசியமில்லை. அவர்கள் அனுப்பும் கோப்பைப் புராஜெக்ட்லிப்ரே திறக்கும். நீங்கள் திருப்பி அனுப்பும்போது எக்ஸ்எம்எல் வடிவில் எடுத்து அனுப்பினால் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் அதைத் திறக்கும். அனுப்புமுன் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, விடுமுறை நாட்கள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேலை நாட்காட்டி சில வேளை மாறிப்போகும். அவர்கள் திரும்பத் திரும்பக் கோப்பைத் திருத்தி அனுப்புகிறார்கள் என்றால் மட்டும் ஒரு உரிமம் வாங்குங்கள், அதையும் ஒப்பந்தத்தின் வரவு செலவில் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

பயனாளிகளின்ர பேர், அடையாள அட்டை எல்லாம் அட்டையில போடலாமா?

போடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்த ஒரு விதவைத் தாயின் விபரம் பன்னிரண்டு பேரின் தொலைபேசியில் கிடக்கத் தேவையில்லை. அட்டையில் "வீடு 07" என்று எழுதுங்கள். 07 யார் என்பது அலுவலகப் பூட்டுக்குள் இருக்கும் கோப்பில் இருக்கட்டும்.

பிறகு வேற மென்பொருளுக்கு மாறினா எங்கட தரவெல்லாம் போயிடுமா?

சேரும் நாளிலேயே வெளியேறும் வழியைப் பாருங்கள். சோதனையாக ஐந்து வேலைகளைப் போட்டு, சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து எக்செல்லில் திறவுங்கள். வேலை, ஆள், திகதி மூன்றும் வந்தால் சரி. சங்கிலிகளும் இணைத்த படங்களும் பெரும்பாலும் வராது, அவற்றைக் கையால் திரும்பப் போட வேண்டி வரும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தின் மென்பொருள் என்றால் எப்போதும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டே தன் புராஜெக்ட் ஒன்லைன் சேவையை 2026 செப்டம்பர் 30 உடன் முடிப்பதாக அறிவித்திருக்கிறது. அதனால் எங்கள் குழுக்களில் மாதக் கடைசி வெள்ளி ஜும்ஆவுக்கு முன் ஒரு வேலை நிரந்தரமாக இருக்கிறது: திட்டத்தை வெளியே எடுத்துப் பென்டிரைவில் ஒன்று, அலுவலகக் கணினியில் ஒன்று, அச்சிட்டுச் சி.ஆர். கொப்பியில் ஒட்டிய தாள் ஒன்று.